நுரை இல்லாத பாட்டில்

ஜூன் 3

அன்புள்ள புத்தகமூட்டை அக்காவுக்கு,

வாலு எழுதுவது. கால் வீக்கம் தவிர எல்லாம் நலம். போன முறை கிளினிக்கில் என் சிறுநீர் நுரைத்ததல்லவா? மறுபடி நுரைத்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவார்களாம். பள்ளி நாடகத்தில் நான்தான் ராணி, அக்கா. எச்.ஐ.வி. மாத்திரையை ஒரு நாள்கூட ஏமாற்றியதில்லை. அதனால் இந்த ஒரு தடவை மட்டும் ஏமாற்றலாம். இந்தச் செவ்வாய்க்கிழமை சிறுநீர்ச் சோதனைக்கு என் பாட்டிலையும் நீங்களே நிரப்பித் தர வேண்டும். முடியாது என்றால் டூ விட்டுவிடுவேன்.

உங்கள் வாலு

ஜூன் 14

என் வாலுவுக்கு,

கழிவறையில் இரண்டு பாட்டில்களையும் நானே நிரப்பி எடுத்துவந்தேன். நர்ஸ் அக்கா, "ரெண்டும் தெளிவா இருக்கே. மகாராணி நல்லா தண்ணி குடிச்சீங்களோ?" என்று கேட்க, நீ ராணி மாதிரியே தலையாட்டினாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு நூலகத்தில் படித்தேன். சிறுநீரகம் ஒரு சல்லடையாம். நம் இருவருக்கும் பிறப்பிலேயே வந்த கிருமி அதையும் அரிக்குமாம். சத்து ஒழுகுவதால்தான் நுரை, வீக்கம் எல்லாம். சீக்கிரம் தெரிந்தால் காப்பாற்றலாம் என்று போட்டிருக்கிறது. நாடகம் முடிந்ததும் சொல்லிவிடு. நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

உன் புத்தகமூட்டை

ஜூலை 20

அக்காவுக்கு,

செருப்பு நுழையாமல் ராணி வெறுங்காலில் நடந்தாள். ஆனாலும் கைதட்டல் அடங்கவில்லை. மறுநாளே நர்ஸ் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். நீங்கள்தானே சொன்னீர்கள்? இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாலே அழுகிறாள். உங்களை நம்பினேன். டூ. பதில் போடாதீர்கள்.

வாலு

செப்டம்பர் 16

வாலு,

போடாதே என்றாய், போடவில்லை. கோபம் தானாக ஆறும் என்று இருந்துவிட்டேன்.

இன்று நர்ஸ் அக்கா பழக்கத்தில் இரண்டு பாட்டில்களை எடுத்தார். ஒன்றைத் திரும்ப வைத்தார்.

"அவ வரலையா?" என்றேன்.

"போன வாரம் போயிட்டாடா கண்ணு. சிறுநீரகம் ரெண்டும் வேலை செய்யல. ஒரு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்றவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உன் நாடகம் முடியட்டும் என்று நானும்தான் அந்த ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. என்னைப் பற்றி ஏதாவது சொன்னாயா என்று கேட்க நினைத்தேன். பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

கழிவறைக்குப் போய் என் பாட்டிலை நிரப்பினேன். உனக்கும் போதுமான அளவு மீதி இருந்தது.

பழம் விடுவாயா?

உன் புத்தகமூட்டை