ஒரு வாய் டீ

டீத்தூள் தீர்ந்துவிட்டது என்று மகளிடம் போனில் சொன்னேன், அவ்வளவுதான். சென்னையில் இருந்தபடியே அவள் எதையோ அழுத்தினாள். நாங்கள் பேசி முடிப்பதற்குள் தஞ்சாவூரில் நம் வீட்டுக் கதவில் பை வந்து தொங்கியது. பொட்டலத்தின் மூலையை வெட்டினேன். அந்த வாசனை வந்ததும் கத்தரிக்கோலோடு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போன பிறகு எனக்கு இது மூன்றாவது தவக்காலம்.

இப்படி நினைத்தவுடன் பொருள் வந்து நிற்கும் காலம் எனக்காகவே வந்தது என்று நீ சிரித்திருப்பாய். நான் குழம்பு கொதிக்கும்போதே கரண்டியை விட்டு நாக்கைச் சுட்டுக்கொள்கிறவன். "ஒங்களுக்கு ஆக்கவும் பொறுக்காது, ஆறவும் பொறுக்காது" என்பாய். உனக்கென்று இருந்த ஒரே ஆசை டீதான். நாலு மணிக்கு, இஞ்சி தட்டிப் போட்டு, சுடச்சுட. சாம்பல் புதனோடு தவக்காலம் தொடங்கினால் அதையும் நாற்பது நாளைக்கு விட்டுவிடுவாய். ஆனாலும் எனக்கு மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்காருவாய். "வாசம் புடிக்க வேணாம்னு ஆண்டவர் எங்கயும் சொல்லலியே" என்று டம்ளர் பக்கம் மூக்கை நீட்டுவாய். உன் பங்குப் பால், பிள்ளை பெற்று வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போகும்.

"நீ டீ குடிக்காம இருந்தா ஏசுவுக்கு என்னடி லாபம்?" என்று ஒருமுறை, கடையில் வாங்கிய டீயோடு ஆற்றுப் பாலத்தில் உன்கூட நடக்கும்போது கேட்டேன்.

"அவருக்கு என்ன லாபம்? பால் குடிக்கிறவளுக்குத்தான் லாபம்" என்றாய். அப்புறம் பாலத்துக்குக் கீழே மணலாய்க் கிடந்த ஆற்றைக் காட்டி, "ஆறே அஞ்சு மாசம் தண்ணி இல்லாமக் கெடக்கு. நான் நாப்பது நாள் டீ இல்லாம இருந்தா கொறஞ்சா போயிடுவேன்?" என்றாய். டீயை உறிஞ்சிக்கொண்டு நடந்தேன்.

கடைசி வருஷம் உன் வயிற்றில் கட்டி பெரிதாகி, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாம்பல் பூசிக்கொள்ளக் கோயிலுக்கு நான் மட்டும் போனேன். போனவன் அங்கே ஒரு பேரம் பேசிவிட்டு வந்தேன். நாற்பது நாளும் நாங்கள் இரண்டு பேரும் டீயைத் தொட மாட்டோம், இவளை எனக்கு விட்டுவிடு என்று கேட்டேன். உன்னைக் கேட்காமலே உன் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். நோயாளிக்கு நோன்பு கிடையாது என்று பங்குச் சாமியார் வந்து சொன்னதுகூட என் காதில் ஏறவில்லை. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றாய். அதை நீ ஆண்டவருக்காகச் செய்யவில்லை, எனக்காகத்தான் செய்தாய் என்று இப்போது தெரிகிறது.

பெரிய வெள்ளி அன்று மத்தியானம், எல்லோரும் சிலுவைப் பாதைக்குப் போயிருந்தார்கள். நீ கண்ணைத் திறந்து, "ஏங்க, ஒரு வாய் டீ குடுங்களேன்" என்றாய்.

முப்பத்திரண்டு வருஷத்தில் நீ என்னிடம் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை. பால் இருந்தது, அடுப்பு இருந்தது. அஞ்சு நிமிஷ வேலை.

"இன்னும் ஒரு நாள்தான்ம்மா. நாளைக்கு ராத்திரி பாஸ்கா பூசையோட நோன்பு முடியட்டும், நானே போட்டுத் தரேன்" என்றேன்.

நீ கோபப்படவில்லை. "நீங்களா பொறுமையைப் பத்திப் பேசறீங்க?" என்று லேசாகச் சிரித்தாய். ஈரத்துணியால் உன் உதட்டைத் துடைத்துவிட்டேன். சனிக்கிழமை விடியும்போது நீ இல்லை.

இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை இப்போது உன்னிடம் சொல்கிறேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று, உன் பங்குப் பாலைக் குடித்தாளே, அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான் தூக்குவாளியில் டீ கொண்டுவந்தாள். எல்லோருக்கும் ஊற்றினாள். "அண்ணே, நீங்களும் கொஞ்சம் குடிங்க" என்று என் கையிலும் ஒரு டம்ளரைக் கொடுத்தாள். நான் குடித்துவிட்டேன். உன் தலைமாட்டில் உட்கார்ந்து, பாஸ்கா பூசைக்கு இன்னும் ஒரு பகல் முழுக்க இருக்கும்போது, நாற்பது நாள் விட்டிருந்த ருசியோடு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் உன் வாயைப் பார்த்தேன்.

நீ உனக்கு வேண்டாம் என்று சொல்லி அடுத்தவளுக்குக் கொடுத்தாய். நான் உனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் குடித்தேன். அதற்குத் தவம் என்று பெயரும் வைத்துக்கொண்டேன், பாவி.

அன்றோடு டீயை விட்டேன். அதைப் புண்ணியக் கணக்கில் சேர்க்க மாட்டேன், தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் தவக்காலம் வந்தால் தினமும் நாலு மணிக்கு முன்னால் இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறேன். வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நீ படுத்திருந்த ஆஸ்பத்திரி வார்டுக்குக் கொண்டுபோகிறேன். யாருக்குக் கொடுக்கலாம் என்று நர்சிடம் கேட்டுக்கொள்கிறேன். நேற்று ஒரு அம்மா கையை நீட்டியபோது அவள் மகன், "அப்புறமா தரேம்மா" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் ஊற்றிவிட்டேன். அவள் ஒரு வாய்தான் குடித்தாள்.

புதுத்தூள் நன்றாகத்தான் இறங்கியிருக்கிறது. பிளாஸ்க்கை மூடிவிட்டேன். நடந்து போனால் நேரமாகும், ஆட்டோவைக் கூப்பிட்டிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இப்போதும் பொறுமை இல்லை, நீ திட்டிக்கொள்.