உரக்கச் சொல்ல வேண்டிய பெயர்

அமரோ,

கீரை சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக் குடி. நான் வாக்குச்சாவடி வேலைக்குப் போகிறேன். இந்த முறையும் என் சம்பளம், நம் மகள் ஓடெட்டைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட இல்லத்துக்குத்தான்.

நீயும் ஓட்டுப் போட வா. போன தடவை நான், "எந்தத் தெரு, என்ன பேரு?" என்று கேட்டதற்கு நீ வாய்தவறி, "ரிவெட் தெரு, ஓடெட்" என்றாய். வந்தவர் சொல்வதை உரக்கத் திருப்பிச் சொல்வது எங்கள் விதி; சொன்னேன். இரண்டு பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். அன்றிலிருந்து, "ஏன்டி அவ்ளோ சத்தமா சொன்ன?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய்.

கிளம்பும்போது சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை.

பி.கு.: இன்றும் அவள் பெயரே வாயில் வந்தால் வரட்டும். இந்த வீட்டில்தான் அதைச் சொல்ல விடமாட்டாய். அங்கே நான் உரக்கச் சொல்லியே ஆக வேண்டும்.