கப்பலுக்குப் பயந்தவன்

மச்சான்,

இன்று காலை வெள்ளவத்தைச் சந்தையில் தேசிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தோல் மெல்லியதா தடித்ததா என்று பார்க்க ஒன்றை நகத்தால் கீறினேன். கீறியது என் பிழைதான். எலுமிச்சை வாசம் மூக்கில் ஏறியதும், கூடைக்குள் விட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். கடைக்காரர் இரண்டு தரம் பார்த்துவிட்டு, "என்ன சேர், எடுக்கிறீங்களா, இல்ல வெச்சிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். கீறிய காயை விட்டுவிட்டு வர முடியாதே. அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கையைக் கழுவாமலே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ இருந்த காலத்தில் உனக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. நீ கொட்டாஞ்சேனை, நான் வெள்ளவத்தை. ஏச வேண்டுமென்றால் போன், முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பஸ். டெங்குக் காய்ச்சல் என்று போய்ப் படுத்தவன் ஆறாம் நாள் இல்லை என்றார்கள். ஒன்பது மாதமாகிறது. உன் இலக்கத்தை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை, அழிக்கவும் போவதில்லை.

உன் சட்டைப் பையில் தேசிக்காய் இருக்கிற நாட்கள் வருடத்தில் இரண்டோ மூன்றோதான். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் நம் இரண்டு குடும்பமும் ஒரு வாடகை வானைப் பிடித்துக்கொண்டு கொழும்புக்கு வெளியே அந்தப் பூங்காவுக்குப் போகும் நாட்கள். வான் நின்று கதவு திறக்கும்போதே உன் முகம் ஒரு மாதிரிப் போயிருக்கும். துறைமுகத்தில் சாமான் கிளியர் பண்ணிக் கொடுக்கிற உத்தியோகம் உனக்கு. கொச்சிக்கடைப் பக்கம் விடிந்தால் பொழுதுபட்டால் கப்பலைப் பார்த்துத் திரிகிறவன், பூங்காவில் இரும்புத் தூணில் தொங்கி ஆடுகிற ஒரு பொம்மைக் கப்பலைக் கண்டால் உடனே தேசிக்காயை எடுத்து முகர்ந்து பார்ப்பாய். அதை வைத்து உன்னை நான் எவ்வளவு நக்கலடித்திருப்பேன்! "ஹார்பரில உன்னை எப்பிடியடா வேலைக்கு வைச்சிருக்கிறாங்கள்?" என்று கேட்டால், "அங்க கப்பல் நிண்டு கிடக்கும் மச்சான், அதோட எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்பாய்.

முதல் தடவை போனபோது என் மகன் கவிஷனுக்கு ஆறு வயது, உன் மகள் மிதுனாவுக்கு ஐந்து. கப்பலின் வாசலில் உயரம் அளக்கிற பலகை ஒன்று இருக்கிறதே, அதன் கோட்டை கவிஷனின் தலைமுடி தொட்டுவிட்டது. எனக்குப் புளுகத்தில் தலைகால் தெரியவில்லை. என் மகன் அளவுக்கு வந்துவிட்டான்! அவனோ என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்று அழுதான். "ஒண்டுமில்லையடா, தொட்டில் மாதிரி மெதுவாத்தான் ஆடும். அப்பா சொல்லுறன்தானே?" என்றேன். அப்பா சொன்னதை நம்பி அவன் என்னோடு ஏறினான்.

கப்பல் உச்சிக்குப் போனபோது அவன் கத்திய கத்தல் உனக்குக் கீழே கேட்டிருக்கும். இறங்கும்போது அவன் காற்சட்டை நனைந்திருந்தது. நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவன் என் கைக்கு அடியால் நுழைந்து ஓடி உன்னிடம் வந்தான். நீ உன் சட்டையைக் கழற்றி அவன் இடுப்பில் கட்டிவிட்டு, அன்று முழுக்க பெனியனோடு திரிந்தாய். மிதுனா உன் காலடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் ஐஸ்கிறீம் குடிக்கப் போன பிறகுதான் நீ வாயைத் திறந்தாய். "ஏத்தினது பரவாயில்லை மச்சான். பொய் சொல்லி ஏத்தினாய் பார், அதுதான் பிழை. இனி நீ உண்மையைச் சொன்னாலும் அவன் ரெண்டாவது ஆளிட்டக் கேப்பான்."

எனக்குச் சுருக்கென்றது. "பெடியனைக் கோழையாக்காதை. நான் நாள் முழுக்கப் பயந்த சனத்தோட காலி வீதியில போறனான். தள்ளி விட்டாத்தான் பயம் போகும்" என்றேன். கார் ஓட்டப் பழக்குகிறவன் என்ற தடிப்பு எனக்கு.

"உன்ர காரில உன்ர காலுக்குக் கீழ ரெண்டாவது பிறேக் இருக்கு. அது அவையளுக்கும் தெரியும். இவனுக்கு என்ன இருந்தது?" என்று கேட்டாய்.

  கொழும்பு வரும்வரை வானுக்குள் நான் உன்னோடு கதைக்கவில்லை. ஒரு கிழமை கழித்து நீயே போன் எடுத்து, ஒன்றும் நடக்காத மாதிரி கிரிக்கெட் கதைத்தாய். அதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். முடியவில்லை, மச்சான். நேற்றுக்கூடப் பல் டாக்டரிடம் போகப் புறப்பட்டபோது, நோகாது என்று நான் சொன்ன பிறகு கவிஷன் குசினிக்குள் போய், "அம்மா, நோகுமோ?" என்று கேட்டான். நான்கு வருடம் ஆகியும் கேட்கிறான். நீ சொன்னது சரி என்று உன்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அடுத்த தடவை போனபோது பிள்ளைகளை நீ பொறுப்பெடுத்தாய். வரிசைக்குப் போகாமல் அவர்களை நேரே வெளியே வருகிற வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சுவர்க்கட்டின் மேல் இருத்தினாய். இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கச் சொன்னாய். சிரித்தவர்கள் எத்தனை, வெளிறினவர்கள் எத்தனை என்று அவர்கள் எண்ணினார்கள். கப்பல் எத்தனை தரம் ஆடி நிற்கிறது என்று எண்ணினார்கள். பிறகு ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாய்: "மேல போகேக்க வயிறு வெறுமையாப் போகும். கீழ வரேக்க அதைவிட மோசம். நடுவில நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்ட மாட்டினம். வாசல் மட்டும் வந்திட்டு வேண்டாமெண்டா திரும்பலாம். எத்தினை தரமும் திரும்பலாம்."

அதற்குப் பிறகுதான் உன் கூத்து. தேசிக்காயை எடுத்து மிதுனாவின் கையில் கொடுத்து, "எனக்குப் பயமா இருக்கு மகள். நீதான் என்னைப் பாக்கோணும்" என்பாய். அவள் சின்ன நகத்தால் அதைக் கீறி உன் மூக்கடியில் பிடிப்பாள். கவிஷன் உன் மற்றக் கையைப் பிடிப்பான். உன்னைப் பார்த்துக்கொள்கிற அவசரத்தில் இரண்டு பேருக்கும் தங்கள் பயம் மறந்துபோகும். அப்படியும் அன்று மூன்று தரம் வாசல்வரை போய்த் திரும்பி வந்தீர்கள். வாசலில் நின்றவர் பொறுமையிழந்து, "அய்யே, நகினவத நெத்த?" என்று சிங்களத்தில் கேட்டார், ஏறுகிறாயா இல்லையா என்று. "பொடி வெலாவக் தென்ன, மல்லி" என்று கொஞ்ச நேரம் கேட்டு நீ கெஞ்சினாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உன்னைத் தெரியாத ஆள் மாதிரிச் சோளக் கடைப் பக்கம் போய் நின்றேன். நாலாம் தரம் மூன்று பேரும் ஏறினீர்கள். இறங்கி வந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள், நீ வெளிறியிருந்தாய்.

"நல்லா நடிக்கிறாயடா" என்றேன்.

"ஓம் மச்சான், நான் பெரிய நடிகன்" என்றாய்.

நான் அதையும் நம்பினேன்.

போன மாதம் உன் மனுசி சுகந்தி போன் எடுத்தாள். "அண்ணா, மிது தானாக் கேட்டவள். கப்பலுக்குப் போகோணுமாம். நான் கூட்டிக்கொண்டு போனா நான்தான் அங்க நிண்டு அழுவன். நீங்கள் கொண்டு போவீங்களோ? அவள் அழுதா உடன வீட்டை கொண்டுவந்து விட்டிடுங்கோ" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் விளங்கியது. ஒரு பிள்ளையின் நம்பிக்கையை அதே இடத்தில் தொலைத்தவனிடம் நீ விட்டுப்போன பிள்ளையைத் தருகிறாள். இதையும் நான் பாழாக்கினால் மிது பிறகு ஒரு நாளும் அந்தப் பக்கம் வர மாட்டாள், என்னோடு எங்கேயும் வர மாட்டாள்.

கவிஷன் இப்போது பத்து வயதுத் துரை. பூங்காவுக்குப் போன அன்று வாசலைக் கண்டதும் எங்களைத் திரும்பியும் பார்க்காமல் ஓடிப்போய்க் கப்பலின் கடைசி வரிசையில் ஏறிக்கொண்டான். மிதுனா நின்றுவிட்டாள். நீ செய்ததையெல்லாம் ஒன்றும் விடாமல் செய்தேன். வெளி வாசலுக்குக் கூட்டிப்போனேன், கட்டின் மேல் இருத்தினேன், முகங்களை எண்ணச் சொன்னேன், நடுவில் நிப்பாட்ட மாட்டார்கள் என்பதையும் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினாள். வரிசையில் வாசல்வரை வந்தோம். அங்கே நான் குரலைத் தாழ்த்தி, "மிது, மாமாவுக்குப் பயமா இருக்கு. நீதான் என்னைப் பாக்கோணும்" என்றேன்.

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். உன் கண், மச்சான்.

"பொய். மாமாவுக்குக் கப்பலுக்குப் பயமில்லை."

"உன்ர அப்பாவும் இப்பிடித்தானே சொல்லுறவர்?"

"அப்பாவுக்கு உண்மையாப் பயம். போறதுக்கு முதல் நாளே அவருக்குச் சோறு இறங்காது. அம்மாட்டக் கேட்டுப் பாருங்கோ." பிறகு கப்பலைப் பார்த்தபடி, யாரிடமோ முறையிடுகிற மாதிரிச் சொன்னாள்: "அப்பா இருந்தா அவர்தான் பயப்படுவார். நான் அவரைப் பாத்துக்கொள்ளுவன். இப்ப நான்தான் பயப்பட வேண்டிக் கிடக்கு."

 அப்படியென்றால் நீ நடிக்கவில்லை. ஒவ்வொரு விடுமுறையும் உண்மையாகவே நடுங்கிக்கொண்டு, பிள்ளைகளுக்காக ஏறியிருக்கிறாய். நான் சோளத்தைக் கடித்துக்கொண்டு நின்று உன்னைக் கேலி செய்திருக்கிறேன். ஒரு தரமாவது திருப்பி ஏசியிருக்கலாமேயடா.

அவளிடம் சொன்னேன்: "ஓம் மிது, பொய்தான் சொன்னனான். கப்பலுக்கு எனக்குப் பயமில்லை. நீ அழுதா எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாது. அப்பா மாதிரி எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் பயமாக் கிடக்கு." என் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. வான் ஏறியதிலிருந்து வேர்த்துக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப திரும்பிப் போவம். கொஞ்சம் இருந்திட்டு வருவம்" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

திரும்பினோம். பின்னால் நின்ற சனத்தை விலக்கிக்கொண்டு, அவர்கள் முறைக்க முறைக்க, வரிசைக்கு எதிராக நடந்தோம். அப்படி நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. நீ மூன்று தரம் நடந்தவன். இரண்டு தரம் திரும்பினோம். மூன்றாம் தரம் வாசலில் அவள், "இப்ப சரியோ மாமா?" என்று கேட்டாள். "சரியில்லை, ஆனா ஏறுவம்" என்றேன். அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. ஏறினோம்.

இறங்கி வந்தபோது அவள் அழவில்லை. முடியெல்லாம் கலைந்து, சிவந்துபோய் நின்று, சோளம் கேட்டாள். கொட்டாஞ்சேனையில் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டபோது, "அடுத்த லீவுக்கும் வருவீங்களோ மாமா? என்னோட ஏறிப் பயப்பட ஆள் வேணும்" என்றாள். சுகந்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருவேன் என்று சொல்லிவிட்டேன். விடுமுறைக்கு இன்னும் நாள் கிடக்கிறது, இப்போதே நாட்காட்டியைப் பார்த்தால் சாப்பாடு இறங்க மறுக்கிறது. உன் வேலை லேசானது என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் நான் சுகந்தியிடமும் சொல்லவில்லை. கப்பல் உச்சிக்குப் போனபோது, சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் அம்மா, அம்மே என்று கத்தினார்கள். உன் மகள் கண்ணை மூடிக்கொண்டு "அப்பா" என்று கத்தினாள். ஒரு தரம் இல்லை, கப்பல் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் கத்தினாள். யாராவது பதில் சொல்ல வேண்டுமே என்று, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் நான் "ஓம் பிள்ளை, ஓம்" என்றேன்.

அந்த ஓம் உன்னுடையது, மச்சான். நீதான் சொல்லியிருக்க வேண்டும்.