விளக்கு வைக்காத கார்

12 பிப்ரவரி 1946, செவ்வாய்

என் காருக்கு என்னைக் கேட்காமல் விளக்கு வைத்துவிட்டாள். செய்தவள் என் மருமகள் பூங்காவனம். நான் ஆவடிக்கு சைக்கிள் ரிம் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்துச் செய்தாள். தெரியாமல் அல்ல, தெரிந்தே. பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்று இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

கார் என்றால் ரோட்டில் ஓடுகிற கார் அல்ல. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்து நான் செய்துவரும் கார். என் மகன் எத்திராஜ் மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரைக்கு ஓட்டினானே, அந்தக் கார். நான் அதை நேரில் பார்த்ததில்லை. ஜப்பான் சண்டைக்கு முன் அவன் அனுப்பிய போட்டோவில் முன் மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். அவன் உயரம் எனக்குத் தெரியும். அதை வைத்து மற்ற அளவுகளை எடுத்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சைக்கிள் கடை வைத்தபோது மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

சண்டை வந்தது, கடிதம் நின்றது. சண்டையும் முடிந்துவிட்டது. எத்திராஜ் திரும்பி வந்தால் அவன் ஓட்டிய காரையே செய்து வைக்கிறேன் என்று ஏரிக்கரை முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டேன். எங்கள் பருத்திப்பட்டில் மற்றவர்கள் மண்குதிரை வைப்பார்கள். குதிரைக்குக் கண்ணைக் கடைசியில், கோவிலில் வைத்துத்தான் குயவர் திறப்பார். அதுவரை அது வெறும் மண். திறந்துவிட்டால் சாமியின் சொத்து, வீட்டில் இருக்கக் கூடாது. காருக்குக் கண் எது? விளக்குதான். அதனால் இரண்டு ஓட்டைகளை அப்படியே விட்டிருந்தேன். பெண்கள் கட்டும் சின்னக் கைக்கடிகாரத்தின் கண்ணாடி இரண்டு வாங்கி வெற்றிலைப் பெட்டியில் போட்டிருக்கிறேன். எத்திராஜ் வந்து அவன் கையால் வைக்க வேண்டும்.

இன்று அந்த ஓட்டைகளில் அவளுடைய வெள்ளைக்கல் கம்மல்கள் இருக்கின்றன. அரக்கை உருக்கி ஒட்டியிருக்கிறாள்.

"இன்னா வேலை பண்ணி வெச்சிக்கினு கீறே?" என்றேன்.

"நீங்க இத முடிக்கவே மாட்டீங்க மாமா. மட்கார்ட நாலு வாட்டி அடிச்சிப் பிரிச்சிட்டீங்க. அதான் நானே முடிச்சிட்டேன்."

"அவன் வந்து வெக்கணும்னு—"

"வர்றவரா இருந்தா வரட்டும். இல்லன்னா இல்லன்னு சாமி சொல்லட்டும். ஏதோ ஒண்ணு தெரியணும் எனக்கு."

இல்லை என்ற சொல்லை இந்த வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை.

14 பிப்ரவரி

பூசாரி வேம்புலியைப் போய்ப் பார்த்தேன்.

"கண்ணு தொறந்தாச்சா? அப்ப ஊட்ல வெச்சுக்காதே," என்றார்.

"நான் தொறக்கல."

"யாரு தொறந்தா இன்னா? குதிரை வந்து கேக்குமா, எவன் கை பட்டுச்சின்னு?"

பிடுங்கிவிடுகிறேன் என்றேன். பிடுங்கினால் அந்த மூச்சிலேயே வேறு கண் வைக்க வேண்டுமாம், குருடாக்கி வைக்கக் கூடாதாம். வேறு கண் வைத்தால் நானே வேலையை முடித்ததாகிவிடும். மாட்டேன்.

வேட்டிக் கிழிசல் ஒன்றை எடுத்து இரண்டு விளக்குகளையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். சிலைக்குக் கண் திறப்பதற்கு முன் கட்டுவார்கள். நான் திறந்த பிறகு கட்டியிருக்கிறேன். முனீஸ்வரனுக்குப் புரியும். வேம்புலிக்குப் புரியாவிட்டால் போகட்டும்.

15 பிப்ரவரி

அவளோடு பேசவில்லை. சோறு வைத்தாள். சாப்பிட்டேன்.

3 மார்ச், ஞாயிறு

நசரத்பேட்டையிலிருந்து அவள் அண்ணன் வரதன் வந்தான். வாழைப்பழச் சீப்போடு வந்தபோதே தெரிந்துகொண்டேன்.

"எட்டு வருஷம் ஆச்சு மாமா. எங்க ஊர்ல ஒருத்தர் கீறாரு. சம்சாரம் தவறிடுச்சு. நல்ல மனுஷன். நம்ம பக்கத்துல மறுதாலி கட்டறது இன்னா புதுசா?"

"புருஷன் உசுரோட கீறப்ப எவன்டா இந்தப் பேச்சு பேசுவான்?"

"கீறாரா?" என்றான். "நீங்களே சொல்லுங்க மாமா. கீறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எழுந்து போகச் சொன்னேன். போகிறவன் அலமாரியில் இருந்த காரைப் பார்த்தான். "கண்ணக் கட்டி வெச்சது வண்டிக்கா, எங்க ஊட்டுப் பொண்ணுக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டினான்.

அவள் அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காது ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகியிருக்கிறாள். இதுவரை நான் கவனிக்கவில்லை.

அந்தப் பழத்தை நான் தொடவில்லை.

21 மார்ச்

வலப்பக்கத்துக் கதவைப் பிரித்து மறுபடி செய்தேன். கீல் சரியாக விழவில்லை. போட்டோவில் தெரிவது இடப்பக்கம் மட்டும்தான். வலப்பக்கம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இடதைப் பார்த்து வலதைச் செய்திருக்கிறேன், கண்ணாடியில் பார்ப்பதுபோல. ஓட்டுகிறவன் உட்காரும் பக்கம் வலப்பக்கம். அதைத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

நம்பர் பலகையில் பாதியை அவன் கால் மறைக்கிறது. தெரிந்த எழுத்துகளை எழுதிவிட்டு மீதியை வெறுமையாக விட்டிருக்கிறேன். தெரியாததை எழுதக் கூடாது.

பக்கத்துத் தகரக் கடை பஷீருதீன் பாய் ஈயம் கொண்டுவந்து கொடுத்தார். கண்கட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, வண்டிக்குக் கண்ணு வலியா? பன்னீர் வுட்டியா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் போகவும் இல்லை. ஈயக் கம்பியை வளைத்து நிமிர்த்திக்கொண்டே நின்றார்.

"நம்ம ஹபிபுல்லா உசுரோட கீறானாம். பினாங்குலேந்து தாக்கல் வந்துச்சு. கப்பலுக்குக் காத்துக்கினு கீறான்."

ஹபிபுல்லா அவருடைய தம்பி. எத்திராஜ் இருந்த அதே ஊரில் மளிகைக் கடையில் வேலை பார்த்தவன். இருவரும் ஒன்றாகத்தான் கப்பல் ஏறினார்கள். இதைச் சொல்லும்போது பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சந்தோஷத்தை என் எதிரில் மடித்து வைத்துக்கொண்டார். எத்திராஜைப் பற்றி அந்தச் சேதியில் ஏதாவது உண்டா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

10 ஏப்ரல்

டயருக்கு ரப்பர் செதுக்கினேன். நான்கும் ஒரே அளவு. ஸ்டெப்னியையும் சேர்த்தால் ஐந்து.

18 மே

ஹபிபுல்லா வந்துவிட்டான். பக்கத்துக் கடையில் கூட்டம். நான் போகவில்லை.

20 மே

இன்றும் நான் போகவில்லை. அவனும் வரவில்லை. நடுவில் இருப்பது ஒரு சுவர். பெரியவன் நான், என்னைத் தேடி அவன் அல்லவா வர வேண்டும்? ஏன் வரவில்லை?

ஏன் என்று தெரியாதா எனக்கு?

23 மே, வியாழன்

ஹபிபுல்லா வந்தான்.

ஆள் பாதியாகிவிட்டான். வாசலில் நின்று, "நல்லா கீறீங்களா அண்ணாத்தே?" என்றான். உட்காரச் சொன்னேன். அவன் வாயைத் திறப்பதற்குள் அலமாரியிலிருந்து காரை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டேன்.

"பாரு. இந்த வண்டிதானே? சரியா கீதா?"

அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். கதவைத் திறந்தான், மூடினான். ஸ்டியரிங்கை ஒரு விரலால் தொட்டான்.

"இதேதான் அண்ணாத்தே. ஆனா கறுப்பு இல்ல, பச்சை. கரும்பச்சை."

போட்டோவில் கரும்பச்சையும் கறுப்பாகத்தான் விழும். எனக்கு ஏன் தோன்றவில்லை? ஹாரன் எந்தப் பக்கம் என்று கேட்டேன். சொன்னான். சீட் என்ன நிறம்? செம்மண் நிறத் தோல். பின்கண்ணாடியில் திரை உண்டா? உண்டு, துரைசானிக்காகப் போட்டது. நம்பர் என்ன? அது அவனுக்கு ஞாபகம் இல்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்டுக்கொண்டே இருக்கும்வரை அவன் கார்தானே சொல்ல முடியும்?

வலப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். முதல் முறையாகச் சிரித்தான்.

"இந்தப் பக்கம் மட்கார்டு இவ்ளோ அழகா இருக்காது. போன புதுசுல ஒரு மதகுல இடிச்சிட்டான். இந்த இடத்துல இத்தாம் பெரிய ஒடுக்கு. தொரை கண்ணுல படாம, எப்பவும் சொவரு ஓரமா ஒட்டித்தான் நிறுத்துவான். போட்டோ புடிக்கச் சொல்லவும் இந்தப் பக்கம் வாணாம்னு திருப்பி நிறுத்தினான். 'எங்க நைனா பாத்தா ஒத வுடுவாரு'ன்னான்."

நானும் சிரித்தேன். சிரித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன். நல்ல மதகாகப் பார்த்து இடித்தானா, மண் மதகா, கல்லா என்று கேட்டேன்.

அப்போது அடுப்பங்கரையிலிருந்து அவள் வெளியே வந்தாள்.

"மாமா, போதும். அவரு எங்கன்னு கேளுங்க."

நான் கேட்கவில்லை. ஹபிபுல்லா தானே சொன்னான். தலையைத் தூக்காமல் காரிடம் சொன்னான். சயாம் பக்கம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தான். லாரி ஓட்டத் தெரிந்தவன் என்று எத்திராஜை முதலிலேயே பிடித்தான். பிறகு இவனையும். நாற்பத்து மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் முகாமில் பேதி வந்தது.

"நான் கூடவே இருந்தேன் அண்ணாத்தே. நெருப்பு வெக்க முடியல, மழை வுடல. மண்ணுலதான் வெச்சோம். என் கையாலதான்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். ஹபிபுல்லா காரைத் தரையில் வைக்காமல், எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தான்.

24 மே

அவன் போனது நாற்பத்து மூன்றில். விளக்கு வைத்தது இந்த வருஷம். அவள் வண்டிக்குக் கண் திறந்ததால் அவன் போகவில்லை. இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

27 மே, திங்கள்

தெருப் பெண்கள் வந்து போனார்கள். சேதி வந்த நாளிலிருந்து எண்ணிப் பதினாறாம் நாள் அவளுக்குச் செய்ய வேண்டியதைப் பற்றிப் பேசினார்கள். பூ, வளையல், தாலி என்று ஒவ்வொன்றாக. அவள் எதிரிலேயே. சேக்காட்டிலிருந்து வந்த நாகம்மாள் என்கிற கிழவி, "கம்மல அவளே கழட்டிட்டா பாரு. அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு," என்றாள்.

எல்லோரையும் அனுப்பிவிட்டேன். அப்புறம் அவளிடம் பேசினேன். பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான்.

"கம்மல எடுத்துத் தரேன். போட்டுக்கோ."

"வண்டியிலேயே இருக்கட்டும் மாமா. எனக்கு இனிமே எதுக்கு?"

"வண்டிக்கு அது பொருந்தல. நடுவுல பெரிய கல்லு, சுத்தி ஆறு கல்லு. எந்தக் காருக்கு அப்படி விளக்கு வெச்சிருக்கான்?"

அழுதுகொண்டிருந்தவள் என்னைப் பார்த்தாள். "மூணு மாசமா இதத்தான் மனசுல வெச்சிக்கினு கீறீங்களா?" என்றாள்.

ஆமாம். அவள் செய்தது தவறுதான். கேட்டுச் செய்திருக்க வேண்டும். இன்றும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் நான் அதை முடித்திருக்க மாட்டேன் என்று அவள் சொன்னது சரி. முடித்தால் அவன் வந்தாக வேண்டும் அல்லவா? வராவிட்டால் நான் என்ன செய்வேன்? அந்த மட்கார்டை இன்னும் நாலு வாட்டி, நாற்பது வாட்டி பிரித்து அடித்திருப்பேன். அவளும் இன்னும் எட்டு வருஷம் அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டே இருந்திருப்பாள்.

வரதன் சொன்ன ஆளைப் பற்றிக் கேட்டேன். "இப்ப கேக்காதீங்க மாமா," என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

29 மே, புதன்

செய்ய வேண்டியவை.

வலப்பக்க முன் மட்கார்டு. உள்ளிருந்து மரக்கட்டையை அணைத்து, வெளியிலிருந்து ஒரே தட்டு. ஒடுக்கு ஹபிபுல்லா காட்டிய இடத்தில் விழ வேண்டும். இது என் வேலை. இதற்கு மேல் அந்த மட்கார்டைப் பிரிக்க மாட்டேன்.

கரும்பச்சை வண்ணம். பஷீருதீன் பாய் மிலிட்டரி லாரி ஆட்களிடம் கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் பச்சை வெளுத்த பச்சை. கொஞ்சம் கறுப்புக் கலந்து பார்க்க வேண்டும். சரியா என்று ஹபிபுல்லா சொல்ல வேண்டும்.

நம்பர் பலகை அப்படியே இருக்கட்டும். யாரும் எதையும் எழுத வேண்டாம்.

வண்டி ஏரிக்கரைக்குப் போகும். வேண்டுதல் நிறைவேறாமல் எப்படி வைப்பது என்று வேம்புலி கேட்பார். அவன் ஓட்டிய வண்டி அவன் சாமியிடம் நிற்கட்டும் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அவர் செய்ய வேண்டியது சூடம் ஏற்றுவது. கேள்வி கேட்பது அல்ல.

கண்கட்டு. நான் கட்டினேன், நான்தான் அவிழ்க்க வேண்டும்.

விளக்கு. நான் கம்மலை எடுக்கிற அதே மூச்சில் ஹபிபுல்லா கடிகாரக் கண்ணாடிகளை வைக்க வேண்டும். எத்திராஜை மண்ணில் வைத்த கை அது. அவனுக்காக எடுத்து வைத்த கண்ணாடியை வேறு யாரிடம் கொடுப்பேன்? முனீஸ்வரன் கோவிலில் துலுக்கன் கை படலாமா என்று எவனாவது கேட்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டோரம் வைத்துக் கண் திறப்பேன்.

வரதன். ஒரு வருஷம் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு அந்த மனிதரை இங்கே கூட்டிவரட்டும். முதலில் நான் பார்க்க வேண்டும். பூங்காவனம் சரி என்றால், கொடுப்பவன் நான். அண்ணன் பக்கத்தில் நின்றால் போதும்.

பூங்காவனம். ஈர்க்குச்சியை எடுத்துப் போட்டுவிட்டு கம்மலைப் போட்டுக்கொள்ள வேண்டும். பதினாறாம் நாள் யார் வந்து என்ன சொன்னாலும் கழற்றக் கூடாது. சொல்பவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை.