நீலக் குதிரைப்படை

ஹட்டன்,
2003 ஆவணி

பரமலிங்கத்துக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். முதலில் 'அன்புள்ள' என்று எழுதினேன், அடித்துவிட்டேன். நலம் விசாரிக்கவும் மனமில்லை. லண்டனில் நீ நலமாக இருப்பதாக உன் மகள் சொன்னாள்.

கஜனி நேற்று மத்தியானம் வந்தாள். "மாமி" என்று வந்தவளைப் பூரணி கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். தேத்தண்ணி குடித்து முடித்தபின், பிள்ளை ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து என் முன்னால் வைத்தாள். "அப்பா தந்து விட்டவர் மாமா. கடிதம் ஒண்டும் தரேல்லை. மாமா கண்டால் அவருக்கு விளங்கும் எண்டு மட்டும் சொன்னவர்" என்றாள்.

திறந்தேன். பஞ்சுக்குள் நீலக் குதிரைப்படை.

என் கைவேலை எனக்குத் தெரியாதா? உன் அண்ணா லண்டனிலிருந்து அனுப்பும்போது சாம்பல் நிற ஈயம் அது. விரல் நீளம்கூட இல்லாத வீரர்கள். அவர்களுக்குச் சட்டை, மீசை, சேணம் எல்லாம் தீட்டியவன் நான். பிளேடால் நறுக்கி நாலைந்து மயிர் மட்டும் மிச்சம் வைத்த தூரிகையால் கண்மணி வைத்தவனும் நான். ஒரு குதிரையின் பின்னங்கால் மட்டும் வெள்ளை. சித்திரை சீசனில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடலின் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்து தீட்டியது. "காசு கட்டாமல் குதிரையின்ர காலைப் பாக்க வந்த ஒரே ஆள் நீதானடாப்பா" என்று வழியெல்லாம் சிரித்தாயே. காலடி மண்ணுக்கு நான் ஒட்டிய தேயிலைத் தூள்கூட உதிரவில்லை. அது தேயிலை பாக்டரிக் கழிவிலிருந்து தோட்டத்து ஆண்டியப்பன் அள்ளிவந்து தந்த தூள்.

பூரணி என்னவோ கேட்டாள், விளங்கவில்லை. நம் ஆட்ட மேசையில் இருந்த எல்லாவற்றையும் அன்று சோதனைக்கு வந்தவர்கள் சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள் என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தேன்!

தெரியாத வெள்ளைக்காரன் ஊர்களை வைத்து ஏன் பொம்மைப் போர் விளையாட வேண்டும், எங்கட மலையையே செய்வம் என்றவன் நீ. பத்திரிகைக் கடதாசியைக் கஞ்சியில் ஊறவைத்து இருவரும் மலை செய்தோம். இறம்பொடை, கொத்மலை அணை, பாலம் என்று துண்டுகளில் எழுதி ஊன்றியவன் நான். பட்டம் பெற்ற இரண்டு தமிழ் வாத்திமார் யுத்த காலத்தில் செய்கிற காரியமா அது? சோதனைக்கு வந்த அதிகாரி அணையின் பெயர் எழுதிய துண்டைத்தான் என் முகத்துக்கு நேரே பிடித்தார். அணைக்கு முன்னால் ஏன் படை நிற்கிறது என்று கேட்டார். விளையாட்டு என்றேன். பகடையைக் காட்டினேன். பெயர் போடாத கடிதம் ஒன்று வந்திருக்கிறது, அதில் எல்லாம் இருக்கிறது என்றார்.

அதற்கு முந்திய நாள் மாலையை நேற்றிலிருந்து திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நல்ல மழை. ஆட்டம் பாதியில் நின்றது. நான் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணியோடு வருவதற்குள் நீ மேசையைப் போர்த்திவிட்டாய். என்றைக்கும் பூரணியின் பழைய சேலையை எடுத்து நான்தான் போர்த்துவேன். "கலையாமல் கிடக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை தொடருவம்" என்றாய். தேத்தண்ணியைத் தொடாமலே போனாய். குதிரைகள் உன் கோட்டுப் பையில் இருந்திருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை அந்த மேசை இருக்காது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. ஈயக் குதிரைகளைக் காப்பாற்றினாய். வாசலில் நின்று, இதைக் கலைத்துப்போடடா என்று ஒரு சொல் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

அதற்கு முதல் வாரம் சுற்றிவளைப்பில் உன்னைக் கொண்டுபோனார்கள். மறுநாளே விட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டைக்காரன் இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்தானே என்று நானும் பூரணியும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். எதைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாய் என்று அன்று நாங்கள் கேட்கவில்லை.

நான் உள்ளே இருந்த மாதங்களில் நீ பார்க்க வரவில்லை. வெளியே வந்தபோது பாடசாலையில் என் கதிரையில் வேறொருவர்; நீயோ லண்டனில். பயந்து ஓடிவிட்டாய் என்று மட்டுமே கோபம் வைத்திருந்தேன். அது எவ்வளவு சின்னக் கோபம்! என் வலது கையில் இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. அதற்குப் பிறகு நான் தூரிகை பிடிக்கவே இல்லை.

அந்தக் கடிதத்தை எழுதியவன் ஆண்டியப்பன் என்றுதான் நம்பியிருந்தேன். தூள் தந்தவன், மேசையைப் பார்த்தவன், கீழ் லயத்தில் இருப்பவன். அவன் மகள் கல்யாணத்துக்குக்கூட நாங்கள் போகவில்லை. நேற்று சாயந்தரம் மழையோடு இறங்கிப் போய் அவன் வாசலில் நின்றேன். "வாங்க மாஸ்டர். மழைக்கு ஒதுங்குனீங்களா, வழி தவறிட்டீங்களா?" என்றான். உள்ளேயிருந்து அவன் பெண்சாதி அம்மாக்கண்ணு, "வந்த மனுசன மொதல்ல உக்காரச் சொல்லுங்க" என்று அதட்டினாள். அந்தக் கடிதத்துக்கு இத்தனை காலமும் அவனைத்தான் சந்தேகப்பட்டதாகச் சொன்னேன். "அது தெரிஞ்ச கததானே. அதுக்காக நா மாரியம்மா முன்னுக்கு சூடம் அடிச்சு சத்தியம் பண்ணவா முடியும்? நீங்களா வருவீங்கன்னு இருந்தேன்" என்றான். மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதையும் உன் கணக்கில்தான் எழுதுகிறேன்.

கஜனி வெள்ளிக்கிழமை திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுக்க மாட்டேன். "ஆர் மாமா இவ்வளவு வடிவாப் பெயின்ற் அடிச்சது?" என்று என்னிடமே கேட்கிறாள். இங்கே முன்பு இருந்த ஒருவர் என்றேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னால் தெரியவும் வராது. நல்ல பிள்ளை, நன்றாக இருக்கட்டும்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். நீ எழுதிக் கொடுத்தாயா? அடி தாங்காமல் கொடுத்தாய் என்றால், அந்த அடி எனக்கும் தெரியும். அப்படியென்றால் அப்படியே எழுது. பஞ்சில் சுற்றிப் பொம்மை அனுப்பாதே. எழுதிச் சொல்லு, பரமலிங்கம்.

பெயர் எழுதுவதற்குப் பேனையைக் கீழே கொண்டுவந்தேன். வேண்டாம் என்று தோன்றுகிறது. என் வாசலுக்கு ஆட்களைக் கூட்டிவந்த கடிதத்திலும் பெயர் இல்லை. இதுவும் அப்படியே தபாலில் போகட்டும். விரல்கள் மடங்காததால் எழுத்து மாறியிருக்கும். ஆனாலும் உறையைப் பிரித்தவுடன் யார் என்று உனக்குத் தெரிந்துவிடும்.

அன்று எனக்குத் தெரியவில்லை.