ஒரு மடக்கு தே ஓ

இன்று காலை மெர்கோங்கில் என் வீட்டில் ஜவ்வரிசிக் கஞ்சி கொதித்த வாசனைக்கு நீ வந்துவிட்டாய். கரண்டியைச் சாய்த்துப் பார்த்தேன். ஒழுகாமல் கட்டியாக விழுந்தது. உனக்கு வைக்கிற அதே பதம். சாப்பிட நீதான் இல்லை.

எண்பதுகளில் புக்கிட் செலம்பாவ் தோட்டத்தில் பால்மரம் வெட்டும்போது, பக்கத்து நிரையில் என் தோழி உன் வாய் ஓயவே ஓயாது. அந்த வாய்க்குள்தான் பெரிய ஆஸ்பத்திரியில் குழாயை விட்டார்கள். நிமோனியா. உனக்காக ஓர் இயந்திரம் மூச்சு விட்டது. குழாயை எடுத்ததும், பிழைத்துவிட்டாய் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஆனால் தண்ணீர் கொடுத்தவுடன் உனக்குப் புரையேறி முகம் நீலம் பாரித்துவிட்டது.

"தொண்டைக்கு முழுங்க மறந்துபோச்சு. தண்ணியா குடுத்தா நெஞ்சுக்குள்ள போயிடும். கெட்டியா குடுங்க. நிமிந்து உக்காந்து, தாடைய தாழ்த்தி முழுங்கணும்," என்றார் வார்டு நர்ஸ் மிஸ்ஸி.

நீ வீட்டுக்கு வந்தபின் தினமும் வேலை முடிந்ததும் உன்னிடம் ஓடி வருவேன். மீனையும் கீரையையும் மசித்துக் கஞ்சியில் கலந்து ஊட்டுவேன்.

"இது கஞ்சியாடி, செவுத்துல போஸ்டர் ஒட்டுற பசையா? ஒரு மடக்கு தே ஓ குடு லா," என்று பாலில்லாத அந்தத் தேநீருக்காகக் கரகரத்த குரலில் கெஞ்சுவாய்.

"மொதல்ல இத முழுங்கு. அப்புறம் பாக்கலாம்."

ஒவ்வொரு வாய்க்கும் தலை குனிவாய். "பூசையிலகூட நான் இவ்ளோ குனிஞ்சதில்ல லா," என்று நீயே சிரிப்பாய். சிரிக்காதே, புரையேறும் என்று கத்துவேன். எலும்பும் தோலுமாய் வந்த உன் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும்.

அன்று நான் வருவதற்குள் உனக்குப் பசித்திருக்கிறது. உன் மாமியார் ஆசையாகக் காய்ச்சிய நீர்க்கஞ்சியை, படுத்திருந்த உன் வாயில் ஊற்றியிருக்கிறார். "சீக்காளிக்குத் தண்ணிக் கஞ்சிதானே எறங்கும்னு நெனச்சேன்," என்று பிறகு தலையில் அடித்துக்கொண்டார். அவரை என்ன சொல்ல? நம் லயத்தில் எல்லா நோய்க்கும் அதுதானே கொடுப்போம். சாயங்காலமே காய்ச்சல். மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே குழாய். இந்த முறை நீ திரும்பவில்லை.

கல்லறையிலிருந்து வந்தவர்களுக்கு தே ஓ கொடுத்தார்கள். என் கையிலும் ஒரு கிளாஸ். நீ கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது. தாடையைத் தாழ்த்தி விழுங்கினேன்.

இன்றும் அப்படித்தான் குடிக்கிறேன். "அத்தை தே குடிக்கக்கூட ஜெபம் பண்றாங்க," என்கிறாள் என் மருமகள். நான் மறுப்பதில்லை.

முதல் மடக்கு உனக்குத்தானடி. மெதுவாக விழுங்கு.