காது குத்திய கார்டு

காஞ்சிபுரம்
19-9-2004

அன்பு மகன் குமரனுக்கு அம்மா நீலாம்பாள் மனசார ஆசீர்வதித்து எழுதுவது. காமாட்சி புண்ணியத்தில் நானும் அப்பாவும் பினாங்கிலிருந்து கைகால் சுகமாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம், நீயும் அந்தக் கனடாவில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பியே எழுதுகிறேன். வந்ததிலிருந்து வீட்டில் ஒரே கூட்டம், ஏரோப்ளேனில் சாப்பாடு போட்டார்களா, கீழே கடல் தெரிந்ததா என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்கிறார்கள், அப்பாவும் தறி வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லாருக்கும் கையை வீசி வீசிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பினாங்கில் உன் அத்தை பெரியநாயகியின் மகள் மங்கையர்க்கரசிக்குக் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது, மாப்பிள்ளை நல்ல உயரம், பள்ளிக்கூட வாத்தியார், சிரித்த முகம். முறைப்பெண்ணைக் கைநழுவ விட்டீர்களே என்று அங்கே எல்லாரும் என்னைத்தான் கேலி செய்தார்கள், நானும் சிரித்துச் சமாளித்தேன், நீயாவது ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லு, இல்லையென்றால் எங்களைப் பார்க்கச் சொல்லு, இரண்டில் ஒன்று சீக்கிரம் நடக்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாயே, ‘நான் குடுத்த கார்டுல ஒரு தடவ கூட காசு எடுக்கலியேம்மா, அப்பா இன்னும் என் காச தொடமாட்டாரா’ என்று, கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனை வைத்துவிட்டாய், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா பக்கத்தில்தான் நின்றார், கேட்டும் கேளாதவர் போல உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ நினைத்ததிலும் தப்பில்லை. தறியில் உட்காரமாட்டேன் என்று நீ கம்ப்யூட்டர் வேலைக்குப் போனபோது, ‘என் கை ஓடற வரைக்கும் அவன் காசு எனக்கு வேணாம்’ என்று சொன்னவர்தான், நீ அனுப்பிய முதல் சம்பளத்தைத் தொடாமல் உன் பெயரிலேயே பாங்கில் போட்டவர்தான். ஆனால் இந்தத் தடவை நடந்தது வேறு, அதைச் சொன்னால் மானம் போய்விடும் என்று என் வாயை அடைத்து வைத்திருக்கிறார். பெற்ற பிள்ளை மனசு நோவதைவிட இவர் மானம் பெரிதா, அதனால் எழுதுகிறேன், சிரிப்பு வந்தால் அங்கேயே சிரித்துத் தீர்த்துவிடு, போனில் மட்டும் சிரிக்காதே.

நீ லீவுக்கு வந்தபோது அந்தக் கார்டைக் கொடுத்து, வெளிநாட்டில் எந்த மெஷினில் போட்டாலும் அந்த ஊர்ப் பணமாகவே வரும், தொலைத்துவிடாதீர்கள், தொலைத்துவிடாதீர்கள் என்று ஓதினாயே, அதுதான் வினையாயிற்று. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா, புடவைக்குப் பூ போடுகிற ஜக்கார்டு பெட்டிக்கு டிசைன் அட்டை வந்தால் ஓரத்து ஓட்டையில் கயிறு விட்டு வரிசையாகக் கோர்த்துத்தான் தறிக்கு மேலே தொங்கவிடுவோம், ஒன்று தவறினாலும் புடவையில் மயிலுக்குக் கழுத்து இருக்காது. கிளம்புவதற்கு முதல் நாள் அப்பா நேராக, அட்டைக்கு ஓட்டை குத்துகிறாரே சின்னப்பையன், அவர் வீட்டுக்குப் போய், உன் கார்டிலும் ஒரு ஓட்டை போட்டு, முறுக்கின பட்டு நூலைக் கோர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் இதென்ன கூத்து என்று கேட்டதற்கு, ‘கோக்காத அட்டை காணாப் பூடும் நீலா, என் புள்ள குடுத்தது, நெஞ்சு மேலயே இருக்கட்டும்’ என்றார். ருத்திராட்சத்தோடு அதுவும் சட்டைக்குள் தொங்கிற்று, குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தாய்மாமன் சீர்த் தட்டில் புடவையோடு மோதிரமும் வைக்கவேண்டும் இல்லையா, புடவை நம் தறியில் நெய்தது, கையோடு கொண்டுபோயிருந்தோம், மோதிரத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், அதுவும் உன் பணத்தில்தான் என்று அவரேதான் முடிவு செய்தார். ‘பொடவ என்னோடது, மோதிரம் என் புள்ளயோடது, ரெண்டும் சேந்தாதான் மாமன் சீரு’ என்று அவர் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன் குமரா. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்திரம் நகைக்கடைக்குப் பக்கத்து மெஷினுக்குப் போனோம். பின்னால் நின்ற சீனக்காரரிடம் ‘மை சன் கார்டு, கனடா’ என்று பெருமை அடித்துவிட்டுத்தான் கார்டைப் போட்டார், மெஷின் வெளியே துப்பிவிட்டது. திருப்பிப் போட்டார், வேட்டியில் துடைத்துப் போட்டார், கும்பிட்டுப் போட்டார், இன்னொரு மெஷினுக்கும் நடந்தோம், அதுவும் அக்காளுக்குத் தங்கை. அங்கே காவலுக்கு நின்ற தமிழ்க்காரர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘என்னங்க பெரியவரே, கார்டுக்கும் காது குத்திட்டீங்களா, ஓட்டை கறுப்புப் பட்டையிலயே விழுந்திருக்கே, மெஷின் படிக்கிறதே அதைத்தானே’ என்று சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்க முடியவில்லை. அப்பாவுக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிற்று. சீர் வைக்கிற வீட்டிலேயே கைமாற்று வாங்கிச் சீர் வைத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள், அண்ணன் வெறுங்கையோடு வந்தான் என்று அத்தைக்கும் தலைகுனிவுதானே. விடிந்ததும் அவர் தன் விரலைக் காட்டி என் முகத்தைப் பார்த்தார், என் அப்பா எங்கள் கல்யாணத்தில் அவருக்குப் போட்ட மோதிரம், நான் தலையை ஆட்டினேன், தேங்காய் எண்ணெய் தடவிக் கழற்றினோம். மங்கை விரலுக்கு அது வளையல் மாதிரி ஆடிற்று, அப்பா மேடையிலேயே உள்பக்கமாக நூலைச் சுற்றி இறுக்கிப் போட்டுவிட்டார், கார்டில் கோர்த்திருந்த அதே நூல்தான். சின்னதாக்கித் தருகிறோம் என்று அத்தை சொன்னதற்கு அந்தப் பெண், ‘மாமா கட்டினது கட்டினபடியே இருக்கட்டும்’ என்று கையை மூடிக்கொண்டாள், அத்தை அழுதுகொண்டே சிரித்தாள், எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

ஆகையால் ராஜா, உன் காசைத் தொட மனசில்லாமல் இல்லை, தொடத்தான் போனார், தொட முடியவில்லை. இங்கே நல்ல மழை, தறிக்குழியில் ஈரம் ஏறியிருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. குமரகோட்டத்தில் உன் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கோபமாக இருக்கும்போது போனை வைக்காதே. கவரின்மேல் இங்கிலீஷ் விலாசம் அப்பாதான் எழுதவேண்டும், அதனால் இதைப் படிக்காமல் விடமாட்டார், படிக்கட்டும். நீ நீடூழி நல்லபடியாக இருக்கவேண்டும், எடுத்த காரியம் எல்லாம் கைகூட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் பேசு, அப்பாவிடம் பேசு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
க. நீலாம்பாள்

குமரா, அம்மா எழுதியதெல்லாம் நிஜம், கும்பிட்டுப் போட்டேன் என்பது மட்டும் பொய். வேறு கார்டு அனுப்பு, ஓட்டை போடமாட்டேன். விரல் வெறுமையாக இருக்கிறது, உன் காசில் எனக்கு ஒரு மோதிரம் வாங்கிப் போட்டுக்கொள்ள ஆசை.
அப்பா, கலியாணசுந்தரம்